மாங்கூழ் டேங்குக்குள் ஒரு ராணியின் ஒப்பாரி

யாமினி புத்தலப்பட்டுக்குப் பக்கத்து மாங்கூழ் ஆலையில் லேப் வேலை பார்த்தாள். லீவு நாட்களில் திருப்பதிக்குப் போய் ஒரு மெட்டல் ராக் பேண்டில் கிட்டார் வாசித்து, அடித்தொண்டையில் உறுமிப் பாடுவாள். பேண்டில் மற்ற மூவருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, ஆளுக்கொரு ஷிப்ட் ஆகிப் பயிற்சி நின்றுபோனது. சும்மா இருக்க முடியாமல் அவள் தனியாக ஓர் ஆல்பம் தொடங்கினாள். பழங்கால எகிப்தில் இறந்துபோன ஒரு ராணிக்கு மெதுவான, இருண்ட ஒப்பாரி.

அந்தக் காலத்து இசை எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாமினிக்கு அது வசதியாகவே இருந்தது. சோடா மூடிகளைக் கம்பியில் கோத்து ஒரு கிலுகிலுப்பை செய்துகொண்டாள். கல்லறையின் எதிரொலிதான் கிடைக்கவில்லை. குளியலறையில் பாடிப் பார்த்தால் குளியலறையில் பாடுகிற மாதிரியே இருந்தது.

மாம்பழ சீசன் முடிந்து, ஆலையின் பெரிய எஃகு டேங்குகள் கழுவிக் காலியாகக் கிடந்தன. ஒன்றைச் சோதிக்கத் தலையை நீட்டியவள் தும்மினாள். அந்தத் தும்மல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த ஞாயிறு மதியம், வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் சாப்பிடப் போன நேரத்தில், கிட்டார், மைக், லேப்டாப்போடு உள்ளே இறங்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்த முனிகிருஷ்ணனுக்கு டேங்குக்குள் முனகல் கேட்டது.

"யாரும்மா உள்ள கீறது?"

ராணியின் உயிர் பிரிகிற இடம் அப்போதுதான் வந்திருந்தது. பதிலாக ஒரு நீண்ட உறுமல் எழுந்தது. யாராவது டேங்கில் மாட்டிக்கொண்டால் தானும் இறங்கக் கூடாது, உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர் அப்படியே செய்தார்.

சித்தூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இருவர் இறங்கி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவளை அப்படியே தூக்கினார்கள். அப்போது அவள் போட்ட அலறலும் பதிவானது.

மேனேஜர் வேங்கடாசலம் திருப்பதியில் கல்யாணப் பந்தியில் இருந்தவர், பாயசத்துக்கு முன்பே எழுந்து வந்து சேர்ந்தார். யாமினி விளக்க விளக்க அவர் முகம் கறுத்தது.

"இன்னா பாஷல பாடின?"

"பழைய எகிப்து பாஷ சார். எப்டி உச்சரிக்கணும்னு யாருக்கும் கரெக்டா தெரியாது."

"அப்ப நீ தப்பா பாடிக்கினு இருந்தா?"

"தப்புன்னு சொல்ல யாரும் உயிரோட இல்ல சார்."

தீயணைப்பு அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. போட்டுக் காட்டச் சொன்னார். விஷயம் தெரிந்த பிறகும் முனிகிருஷ்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தார். பாட்டு பாதியில் நின்றதும், மிச்சம் எங்கே என்று அதிகாரி கேட்டார். அதற்குள் நீங்கள் தூக்கிவிட்டீர்கள் என்றாள் யாமினி. அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. காற்றைச் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, பொறுப்பான ஒருவர் வாயிலில் நின்று பிடித்துக்கொண்டால் இறங்கலாம் என்றார். எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

பட்டுச் சட்டையோடு வேங்கடாசலம் கயிற்றைப் பிடித்தார். அவள் பாடிக்கொண்டே அசைந்தபோது, ஆபத்து என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தார். பாட்டு கெட்டது. இரண்டாம் தடவை பாட்டின் போக்குக்குக் கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் பிடித்தார். ராணி செத்து முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. டேங்க் கழுவின மருந்துதான் காரணம் என்றார். இனி டேங்க் பக்கம் வந்தால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

ஆல்பம் இணையத்தில் வெளியானது. பங்கேற்றவர்கள் பெயரில், பாட்டும் கிட்டாரும் யாமினி என்றும், அதற்குக் கீழே கயிறு வேங்கடாசலம் என்றும் இருந்தது. சொந்தக்காரர்கள் அதை அவர் மனைவி லட்சுமம்மாவுக்குக் காட்டிவிட்டார்கள்.

"கயிறுன்றது எகிப்து வாத்தியமா? எப்ப கத்துக்கினீங்க?"

வேங்கடாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அத்த எல்லாராலயும் வாசிக்க முடியாது."