வெர்னா வீட்டு வில்லங்கம்

ஓர்வல் ஸ்கோக்லண்டுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இனி மாடி ஏற முடியாது என்றானதும், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதையும் கட்டித் தரச்சொல்லி, அவர் மனைவி வெர்னா, ஒப்பந்தக்காரன் கர்ட்டிஸ் லிண்டாலைக் கூப்பிட்டார். டுலூத் நகருக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கர்ட்டிஸ் பள்ளிக்குப் போன பேருந்தை ஓட்டியவர் வெர்னா. அவருக்கு வேறு யார் பெயரும் தோன்றவில்லை.

வேலை சுத்தமாகவே நடந்தது. பாதியில் இருந்தபோது, கர்ட்டிஸ் கடனுக்கு மரம் எடுத்த ராய்ஸ் பெர்கமின் மரக்கடையிலிருந்து வெர்னாவுக்குப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் ஏணிக்கு அடியில் வந்து நின்றார்.

"என்னப்பா இது? மரத்துக்குக் காசு வரலேன்னா என் வீட்டு மேல உரிமை கோருவேன்னு எழுதியிருக்கான் ராய்ஸ்!"

கர்ட்டிஸ் கூரையில் இருந்தபடியே சிரித்தான். "அது எல்லாருக்கும் அனுப்புறதுதான் வெர்னா. சட்டத்துக்காக அனுப்புவாங்க. தூக்கிப் போடுங்க."

எல்லாருக்கும் அனுப்புவது உண்மைதான். தூக்கிப் போடுவதற்காக யாரும் அனுப்புவதில்லை. ஒப்பந்தக்காரரிடம் மிச்சப் பணத்தைக் கொடுக்குமுன், 'எனக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது' என்று மரக்கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள், இல்லையென்றால் நேராக அவரிடமே கட்டுங்கள் என்று எச்சரிக்கத்தான் அது வருகிறது. வெர்னா அவ்வளவு தூரம் படிக்கவில்லை. வேலை முடிந்ததும் முழுத் தொகைக்கும் காசோலை எழுதிக் கர்ட்டிஸ் கையில் கொடுத்தார்.

அந்தப் பணம் ராய்ஸிடம் போகவில்லை. டெரில் ஹோல்ம் என்பவனுடைய வேட்டை விடுதிக்குக் கர்ட்டிஸ் முந்தைய ஆண்டு கூரை போட்டிருந்தான். டெரில் காசு தராமல் இழுத்தடித்ததில், அங்கே வேலை செய்த ஆட்களின் கூலி நின்றுபோயிருந்தது. வெர்னாவின் பணம் அந்தக் கூலிக்குப் போனது. விடுதிப் பணம் வந்ததும் ராய்ஸுக்குக் கட்டிவிடலாம் என்று கர்ட்டிஸ் நம்பினான். அது வரவில்லை. ராய்ஸ் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, சட்டம் தந்த கெடு முடிவதற்குள் மாவட்ட அலுவலகத்தில் வெர்னாவின் வீட்டின் மேல் பற்றுரிமை, அதாவது வில்லங்கம், பதிந்துவிட்டார்.

ஓர்வலின் சிகிச்சைக்குக் கடன் கேட்கப் போன இடத்தில்தான் வெர்னாவுக்கு விஷயம் தெரிந்தது. நேராகச் சாலையோர உணவகத்துக்கு வந்தார். கர்ட்டிஸ் காலைச் சாப்பாட்டில் இருந்தான். சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது.

"வீட்டு மேல வில்லங்கம் இருக்குன்னு கடன் இல்லேன்னுட்டாங்க, கர்ட்டிஸ்."

அவன் தட்டைப் பார்த்தான்.

"நீ தூக்கிப் போடச் சொன்ன. நான் போட்டுட்டேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவனும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பான். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. காதுவரை சூடேற, முட்டை ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது வெர்னா போயிருந்தார். மற்றவர்கள் அவசர அவசரமாக வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அன்றே ராய்ஸிடம் போனான்.

"எடுத்துரு ராய்ஸ். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"அவங்க ஒண்ணும் பண்ணல. பண்ணவன் நீ." ராய்ஸ் பலகைகளை எண்ணுவதை நிறுத்தவில்லை. "எடுத்துட்டா என் கையில என்னடா மிஞ்சும்? உன் வாக்கா? அதை வச்சு ஆணிகூட வாங்க முடியாது."

"டெரில் குடுத்ததும்..."

"அவன் விடுதி மேல நீ வில்லங்கம் போட்டியா?"

ராய்ஸ் இப்போது எண்ணுவதை நிறுத்தினார்.

"உனக்கும் அதே சட்டம்தானே? நான் போட்ட மாதிரி நீயும் போட்டிருக்கலாமில்ல?"

"என்கூட வேட்டைக்கு வர்றவன், ராய்ஸ். அவன் மேல எப்படி... கெடுவும் போயிருச்சு."

"ஓ! அவன்கிட்ட வெட்கமா இருந்துச்சு. வெர்னாவ மாட்டிவிடறதுக்கு மட்டும் வெட்கமா இல்லையாக்கும்?"

மரத்தூள் வாசனையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டான். சிநேகிதன் முகம் சுளிப்பானே என்று கூசிக் கூசித் தன் உரிமையை விட்டான். அந்தக் கூச்சத்தின் விலையை, ஒரு கை வராத கணவனை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தலையில் கட்டியிருந்தான்.

அந்த வாரமே மண்வாரி வண்டியையும் இழுவண்டியையும் விற்றான். கேட்ட விலை கிடைக்கவில்லை. பேரம் பேசவும் மனம் வரவில்லை. ராய்ஸுக்குக் கட்டி, வில்லங்க விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, தானே மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். பதிவு செய்த பெண் பெயரைப் படித்துவிட்டு, "ஸ்கோக்லண்ட் வீடா? அந்தம்மா இங்க வந்து அழுதாங்களே," என்றாள். கர்ட்டிஸ் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான்.

நகலோடு வெர்னா வீட்டுக்குப் போய்ச் சரிவுப்பாதையில் நின்றான். சன்னல் கண்ணாடிக்கு உள்ளே ஓர்வல் அவனைக் கண்டதும் இடக்கையைத் தூக்கினார். வழக்கமான வணக்கம்தான். பதிலுக்குக் கையைத் தூக்க அவனால் முடியவில்லை.

வெர்னா கதவைத் திறந்து நகலை வாங்கிக் கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு அவனை அங்கேயே நிறுத்திவிட்டு ராய்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கர்ட்டிஸ் வந்திருக்கான். தீர்ந்துபோச்சுங்கறான். நிஜமா?"

கேட்டுக்கொண்டார். வைத்தார்.

"மன்னிச்சிருங்க வெர்னா."

"வேற எங்கேருந்தாவது காகிதம் வருமா? வரும்னா இப்பவே சொல்லிடு."

"வராது. இனிமே எதுவும் இல்ல."

"நீ அப்படித்தான் சொல்லுவ," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை.

வெர்னாவுக்குக் கடன் கிடைத்தது. டெரிலின் பணம் இன்றுவரை வரவில்லை. கர்ட்டிஸ் இப்போது வேறொருவரிடம் கூலிக்குக் கூரை வேய்கிறான். வசந்தத்தில் ஸ்கோக்லண்ட் வீட்டுக் கூரையோரத்து மழைநீர்க் குழாய் கழன்று தொங்கியது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவன் அதைப் பார்த்தான். நிறுத்தி இறங்கிக் கேட்கத் துணிவு வரவில்லை. அடுத்த வாரம் வெர்னா வரவழைத்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தார்.