மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கரண்டிச் சத்தம்

அந்தப் பித்தளைத் தகட்டைப் பற்றிப் பேசினாலே அத்தைக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் அவர் அதைப் பார்த்ததே இல்லை. தகடு கீழ்த்தளத்தில் இருந்தது. அத்தை மூன்றாம் மாடியில் இருந்தார். முழங்கால் தேய்ந்ததிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. மாப்பிள்ளைதான் அதில் எழுதியிருந்ததை வந்து சொன்னான்.

"இந்தப் படிக்கட்டின் எதிரொலியே கிளாரினெட் மேதையின் முதல் குருன்னு போட்டிருக்கு, அத்தை."

"எதிரொலி குருவா? அப்ப நான் யாராம்? தினம் மத்தியானம் கீழ நின்னுக்கிட்டு பீப்பீன்னு உயிர எடுப்பான். குழந்தை தூங்கணும்டான்னு கரண்டியால கைப்பிடிக் கம்பியில தட்டுவேன். டக்குனு நிறுத்துவான். கொஞ்ச நேரம் கழிச்சு, திருட்டுப்பய மாதிரி மெதுவா, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்பான்."

அன்று தூங்க வேண்டியிருந்த குழந்தைதான் பிறகு மாப்பிள்ளையின் மனைவி ஆனாள். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவன் வேறு வீடு பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "உங்களுக்குப் போக இடமில்ல, எனக்குப் போகக் காலில்ல. பேசாம இருங்க" என்று அத்தை முடித்துவிட்டார். அவனும் பேசாமல் இருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவான், வருவான். வரும்போது காய் வாங்கி வருவான். அத்தை ஒரு கத்திரிக்காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுறீங்க. ஓட்டை மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியல."

தாமே கடைக்குப் போய்த் தம் கையால் காய் பொறுக்க வேண்டும். அத்தைக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அதற்கு லிப்ட் வேண்டும். குடியிருப்பவர்கள் எல்லாரும் சம்மதித்து, ஆட்கள் வந்து அளந்தும் போனார்கள். இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: படிகள் சுற்றிச் சுற்றி ஏறும் நடுவில் கிணறு போல ஒரு வெற்றிடம். அதற்குள் ரசிகர் மன்றம் முழித்துக்கொண்டது. எதிரொலி போய்விடுமாம். செயலாளர் மனு கொடுத்து வேலையை நிறுத்தினார். தகடும் மாட்டினார். அதைத் திறந்து வைக்க மேதையே நேரில் வருவதாக ஏற்பாடு.

திறப்பு நாளன்று செயலாளர் மாடி மாடியாக ஏறி, யாரும் தும்மக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை நாற்காலியைக் கைப்பிடி ஓரமாக இழுத்துப் போடச் சொன்னார். அவர் கையில் கரண்டி இருந்தது.

"அது எதுக்கு, அத்தை?"

"அடுப்புல வேலை இருக்கு."

அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கீழே கூட்டம் நிரம்பி வழிந்தது. மேதை கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். இசை மேலே ஏறி வந்தது. அழகாகத்தான் இருந்தது. அத்தைகூடக் கொஞ்ச நேரம் தலையாட்டினார். பிறகு கையை ஓங்கி, கம்பியில் ஓர் அடி. டங்!

இசை டக்கென்று நின்றது.

கூட்டம் கண்ணை மூடிக்கொண்டது. பாட்டின் நடுவே சட்டென்று நின்று, பிறகு மெல்லத் தொடங்குவதுதான் மேதையின் முத்திரை. அதை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த டங் என்னவென்று யாரும் யோசிக்கவில்லை. செயலாளருக்குக் கண் கலங்கியது. ஆனால் மௌனம் நீண்டுகொண்டே போனது. ஒருவர் அரைக் கண் திறந்து பார்த்தார். மேதை கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! நீங்களா?"

"நானேதான்டா, பீப்பீ! மேல வா!"

வந்தார். மூச்சை ஆள்பவர் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர், மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். பின்னாலேயே செயலாளரும் இரைத்தார்.

"என்னக்கா... இவ்ளோ படி... லிப்ட் இல்லையா?"

"வந்திருக்கும். நீ விட்டுட்டுப் போன எதிரொலிய அந்த இடத்துல வச்சுக் காவல் காக்கறாங்க."

"எதிரொலியாவது, மண்ணாவது! அப்பாவுக்கு ராத்திரி வேலை. பகல்ல வீட்டுல வாசிச்சா உதைப்பாரு. அதான் படிக்கட்டுக்கு வந்தேன்."

"ஐயா, அந்த நிறுத்தம்..." என்று இழுத்தார் செயலாளர். "தியானத்துல கிடைச்சதுன்னு பேட்டியில சொன்னீங்களே."

"கரண்டின்னு சொன்னா யாரு மதிப்பாங்க?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேதையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆமா, பாப்பா எங்கக்கா?"

மாப்பிள்ளை கம்பியைப் பார்த்தான். கரண்டி பட்ட இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை கரண்டியை மடியில் வைத்தார்.

"அவ தூங்கணும்னுதான்டா அப்பத் தட்டினேன். இனிமே தட்ட வேண்டியதில்ல. நீ வாசி."

மேதைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு படியில் உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, எங்கும் நிற்காமல், கடைசி வரை வாசித்தார். மாப்பிள்ளை ஒரு படி கீழே உட்கார்ந்து கேட்டான். அந்த ஒரு வருடத்தில் அவன் எதையும் முழுதாகக் கேட்டதில்லை.

அன்று மாடியில் வாசித்தபோது மேதை வழக்கமான நிறுத்தத்தை மறந்துவிட்டார், வயதாகிறது போலும், என்று ஒரு பத்திரிகை எழுதியது.

போகும்போது மேதை செயலாளரின் தோளில் கை போட்டுக்கொண்டார். "ஒண்ணு லிப்டப் போடுங்க. இல்லேன்னா தகட்டுல என் பேரை எடுத்துட்டு அக்கா பேரைப் போடுங்க."

லிப்ட் வந்தது. எடுக்க மனமில்லாத செயலாளர் தகட்டை லிப்டுக்குள்ளேயே மாட்டிவிட்டார். அத்தை முதன்முதலாக அதைப் படித்துக்கொண்டே கீழே இறங்கினார். படித்து முடிப்பதற்குள் கீழ்த்தளம் வந்துவிட்டது. "இவ்ளோதானா?" என்றார்.

காய்கறிக் கடையில் அவர் ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

"இவ்ளோ நல்ல காய இங்க வச்சுக்கிட்டு, நீங்க எந்தக் கடைக்குப் போனீங்க, மாப்பிள்ளை?"

"இதே கடைதான், அத்தை."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"பிடிங்க. முதல்ல காம்பைப் பாருங்க."