நானூறு பேர் பிந்திய கண்ணாடி

நாலு மாடிக் கடையின் இரண்டாம் மாடியில், துணி போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடி, தன் முன்னால் நிற்பவரைக் காட்டாது. அவருக்குச் சரியாக நானூறு பேருக்கு முன்னால் அங்கே நின்றவரைக் காட்டும். கடை ஓகோவென்று ஓடிய காலத்தில் இது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு நாளைக்கு நானூறு பேர் சட்டையும் கோட்டுமாக மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், ஆகவே கண்ணாடி ஒரே ஒரு நாள்தான் பிந்தியிருந்தது. இன்றைக்குக் குடை வியாபாரி நின்றால் நேற்று நின்ற பல் டாக்டர் தெரிவார், அவ்வளவுதான். புகார் சொன்னவர்களிடம் முதலாளி, "கண்ணாடி நல்ல கண்ணாடிதாங்க, கொஞ்சம் நிதானம்" என்பார். அந்தக் கண்ணாடிக்குக் கறாரான குணம் ஒன்றும் உண்டு. போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறவர்களை அது சட்டை செய்யாது. இது நமக்கு நன்றாயிருக்குமா என்று உள்ளபடியே ஆசைப்பட்டு ஒருவர் வந்து நின்றால்தான் அடுத்த ஆளுக்கு நகரும்.

தன்னைத் தானே பார்க்க முடியாத இடத்தில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமில்லையா? அதற்குத்தான் டேப்புக்காரர் இருந்தார். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், ஆனால் அதை எடுத்து அவர் அளந்ததை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் துணி மடித்துக்கொண்டிருப்பார், "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நிமிர்ந்து ஒரு பார்வை. தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, இந்த நிறம் உங்களைக் காய்ச்சல்காரர் மாதிரி காட்டுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். விற்காமல் போனாலும் பரவாயில்லை, பொய் சொல்ல மாட்டார். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்கும் வேலைக்கும் அவர் கண்ணை நம்பித்தான் உடுத்திப் போனார்கள்.

பிறகு துணி வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. விரலால் தடவினால் செருப்புகூட வந்து இறங்குகிறது என்றால் யார்தான் மாடி ஏறுவார்கள், ஊரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. முதலில் நாலாம் மாடிப் பொம்மைப் பிரிவை மூடினார்கள், அப்புறம் மூன்றாம் மாடிப் பாத்திரங்களை, அப்புறம் லிஃப்டை நிறுத்தினார்கள். ஆள் குறையக் குறையக் கண்ணாடி பின்தங்கியது. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம். பல் டாக்டர் ஒருமுறை வந்து நின்றபோது, வேறு ஊருக்குப் போய் நாலு வருஷமான தபால்காரர் அதில் நின்று இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அவருக்குக் கையசைத்துவிட்டு ஒரு பனியன் வாங்கிக்கொண்டு போனார்.

கடையை மூடப்போவதாக முதலாளி அறிவித்தபோது மூன்று வாரம்தான் மிச்சமிருந்தது. அன்றைக்கு டேப்புக்காரர் செய்த முதல் காரியம், மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் போனது. போட்டுப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தையல்காரர் ஒரு சீட்டு எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். டேப்புக்காரர் கேட்டதும் இருவரும் சேர்ந்து சீட்டுகளை எண்ணினார்கள். அவர் மனைவியின் சீட்டுக்கு இன்னும் அறுபத்து மூன்று பேர் வந்தாக வேண்டும். அப்போது வாரத்துக்கு ஒருவர் வந்தாலே அதிசயம்.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் சாப்பாட்டுக்கூடையோடு கடைக்கு வந்தார். வந்த இடத்தில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். டேப்புக்காரர் தள்ளுபடிச் சீட்டு ஒட்டுகிற மும்முரத்தில் தலையைத் தூக்காமலே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த அம்மாள் ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வருஷமே பத்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஊரையே ஏற இறங்கப் பார்த்தவர் வீட்டுக்காரியை மட்டும் பார்க்காமல் சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய் ஏழு வருஷமாக அவர் தொண்டையிலேயே நின்றது, சோறு இறங்கியது, அது இறங்கவில்லை.

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? இரண்டே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முப்பது பேர் படியேறி வந்து, கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கண்ணாடி ஓர் ஆள்கூட நகரவில்லை. டேப்புக்காரர் மேல் இரக்கம் இருந்தது, சட்டை மேல் ஆசை ஒருவருக்கும் இல்லை. டேப்புக்காரர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். மனைவி போனதிலிருந்து கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஏழு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் மனிதர்களை நிமிர்ந்து பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் வருஷக்கணக்காக வெள்ளையே உடுத்தி அலுத்துப்போயிருக்கிறார் என்று கண்டு அடர்பச்சை எடுத்துக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டார், கண்ணாடி ஒரு ஆள் நகர்ந்தது. இப்படி ஒவ்வொருவராக, பிறகு கேள்விப்பட்டு வந்தவர்களும் சேர்ந்து. சிலருக்கு நாலு மணி நேரம் பிடித்தது. கணித ஆசிரியை பதினோரு கோட்டு போட்டுப் பார்த்து, பன்னிரண்டாவதில்தான் மனம் இறங்கினார். கடைசி நாள் சாயங்காலம் அறுபத்து இரண்டு பேர் ஆகியிருந்தது.

அதற்குமேல் ஆள் இல்லை. முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வாங்களேன்" என்று தையல்காரரைக் கூப்பிட்டார் டேப்புக்காரர்.

"நான் நேத்து வாங்கினதுலேயே மனசு நிறைஞ்சு கெடக்கு, இனிமே ஆசை எங்கேருந்து வரும்? நீங்க நில்லுங்க."

"எனக்கா? எனக்கு எதுக்குப் புதுச் சட்டை?"

"அப்ப அந்தம்மாவை எப்படிப் பார்க்கப் போறதா உத்தேசம்? இந்தக் காலர் கிழிஞ்ச சட்டையோடயா?"

டேப்புக்காரர் குனிந்து தன் காலரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியில் மிச்சமிருந்த ஒன்பது சட்டைகளையும் எடுத்து விரித்தார். ஏழாவது, நீலத்தில் மெல்லிய கோடு போட்டது. அதை மாட்டிக்கொண்டு, பித்தானைக் கழுத்து வரை போட்டு, இதைப் பார்த்தால் அவள் என்ன சொல்லுவாள் என்று நினைத்தபோது, ஏழு வருஷத்தில் முதல்முறையாக நன்றாயிருக்க வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஆசை வந்தது. போய் நின்றார். சிவப்பு ஸ்வெட்டரில் அந்த அம்மாள் எதிரே நின்றார்.

வாய் அசைந்தது, எப்படி இருக்கு என்று கேட்டது தெரிந்தது. கேட்டுவிட்டு அவள் உடனே கழற்றிவிட்டாள் என்றுதான் அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அப்படி இல்லை. அவர் தலை தூக்குவார் என்று அவள் காத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தாள், ஒருமுறை பக்கவாட்டில் திரும்பினாள், மறுபடி அவர் பக்கம் பார்த்தாள். தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், முழுசாக நாலு நிமிஷம். நாலு நிமிஷமும் டேப்புக்காரர் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது, இருந்தாலும் தொழிலை விடவில்லை. தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, "நிறம் உனக்குன்னே நெய்த மாதிரி இருக்கும்மா. கைதான் கொஞ்சம் நீளம், ஒரு அளவு சின்னதா எடுத்துத் தர்றேன்" என்றார். கண்ணாடியில் அந்த அம்மாள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். முதலாளி விளக்கை அணைத்தார்.

இப்போது அந்தக் கட்டடம் பார்சல் கிடங்காக இருக்கிறது. கண்ணாடியைச் சுவரிலிருந்து பெயர்க்க முடியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். இருநூறு பேர் வேலை செய்கிறார்கள், தினம் காலையில் சீருடை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, நமக்கு நன்றாயிருக்கிறதா என்று ஆசையோடு அதன் முன்னால் நின்று போகிறார்கள். ஆகவே கண்ணாடி இரண்டு நாள்தான் பிந்தியிருக்கிறது, கடை மூடியதில் அதற்கு லாபம்தான். கிடங்கு திறந்த இரண்டாம் நாள், வரிசையின் கடைசியில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சீருடையை மாட்டிக்கொண்டு நின்றாள். கோடு போட்ட நீலச் சட்டையில் ஒரு பெரியவர் கண் கலங்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். நீளம்தான். போய் ஓர் அளவு சின்னதாக வாங்கி மாட்டிக்கொண்டு பார்சல் கட்டப் போனாள்.