சம்பந்தி தேர்ந்தெடுத்த டிரைவர்

பல் டாக்டர் அடித்த பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன நினைத்துக்கொண்டதோ, வலப்பக்கமாக வளைந்து மரக்கூட்டத்துக்குள் நுழைந்தது. கிளையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"அடிக்கும்போது தலையைத் தூக்கிட்டீங்க சம்பந்தி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் சொன்னவர் சம்பந்தி, பெண்ணைக் கொடுத்த இடம். வேறு யாராவது சொல்லியிருந்தால் "உங்க வேலையைப் பாருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம். சம்பந்தியிடம் அப்படி ஒரு வார்த்தை விட்டால் அது மகளின் சமையலறைவரை போய் எதிரொலிக்கும்.

"ஆமா சம்பந்தி, தூக்கிட்டேன்," என்று ஒப்புக்கொண்டு மரங்களைப் பார்க்க நடந்தார்.

சனிக்கிழமைதோறும் இதே கதைதான். ரெண்டு அப்பாவும் ஒண்ணா கோல்ஃப் ஆடினா எவ்வளவு நல்லாருக்கும் என்று ஆரம்பித்து வைத்தது மகள். சம்பந்தி கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே பாதி ஆயுள் போனதால், புல்வெளியிலும் அதே குரல்தான். டாக்டரோ வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் பேசியே காலம் கழித்தவர். எதிர்ப்பேச்சு பேசுகிறவர்களோடு அவருக்குப் பழக்கம் குறைவு.

பந்து எங்கே போகிறது என்பதுகூட டாக்டருக்குப் பெரிய கவலையாக இல்லை. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அவரைத் தின்றது. சம்பந்தியின் பந்து எப்போதும் ஒரு பத்தடியாவது முன்னால் கிடந்தது. தன் பந்தை அடித்துவிட்டு, சம்பந்தியின் பந்து இருக்கும் இடத்துக்கு நடந்துபோய், அங்கே அவர் இடுப்பில் கை வைத்துக் காத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பல்லைக் கடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த தொழில் என்பதால் அதையும் செய்ய முடியாது.

அன்று காரில் திரும்பும்போது சம்பந்தியே தீர்ப்பு சொன்னார். "உங்ககிட்ட குறை இல்ல சம்பந்தி. உங்க டிரைவர்தான் சரியில்ல. அதை மாத்துங்க."

முதல் அடிக்கு எடுக்கும் நீளமான, பெருந்தலை மட்டைக்குத்தான் டிரைவர் என்று பெயர். டாக்டரிடம் இருந்தது யாரோ நண்பர் கழித்துக்கட்டியது. சம்பந்தி சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் முதல் கிளினிக்கில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் டாக்டர் படிக்க ஆரம்பித்தார். பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் அதிகம் கோணாமல், தூரமும் குறையாமல் போகும்படி ஒரு மட்டை செய்திருக்கிறார்களாம். 'மன்னிக்கும் டிரைவர்' என்று அதற்குப் பெயராம். தலை அகலமாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். எடை பின்பக்கம் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். தலை எப்படியிருந்தால் என்ன, தண்டுதான் முக்கியம் என்று இருவரையும் வெட்டிப் பேசினார் மற்றொருவர். எல்லாவற்றுக்கும் கீழே, "ஆட்டம் பிறவியிலேயே வர வேண்டும், கடையில் வாங்க முடியாது" என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். டாக்டர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், டிரைவர் தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க சித்தப்பா பையன் சும்மாதான் இருக்கான். லைசென்ஸ் எல்லாம் இருக்கு."

"அந்த டிரைவர் இல்லம்மா."

"நல்ல பையன் டாக்டர். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்."

"அப்படி ஒருத்தர் எனக்குக் கண்டிப்பா வேணும். ஆனா வண்டிக்கு இல்ல," என்றார் டாக்டர். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் மனைவி இன்னும் மோசம். "மன்னிக்கிற மட்டையா? இந்த வீட்டுல மனுஷங்களே யாரையும் மன்னிக்கிறதில்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய் வாங்குங்க, அப்புறம் மைதானம் கோணல்னு வந்து நிப்பீங்க."

புதன்கிழமை கிளினிக்குக்கு அரை நாள் விடுமுறை விட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய்வருவதுதான் அவர் திட்டம். ஒருவருக்கும் என்பதில் மனைவியைச் சேர்க்காமல் விட்டது தப்பாகிவிட்டது. அவள் போனில் சம்பந்தியம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்ல, டாக்டர் கடைக் கதவைத் தள்ளும்போது சம்பந்தி உள்ளே ஒரு மட்டையைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா வந்து ஏமாந்துடக் கூடாதில்ல. அதான் வந்தேன்," என்றார்.

கடையின் பின்னறையில் வலை கட்டி, எதிரே பெரிய திரை மாட்டியிருந்தார்கள். வலையில் அடித்தால் பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்பி எங்கே விழும் என்று திரை காட்டும். மட்டை பொருத்தித் தருகிற பெண் டாக்டரைப் பத்துப் பதினைந்து பந்து அடிக்கச் சொல்லிவிட்டு, அகலமான தலையுள்ள ஒரு டிரைவரைக் கொண்டுவந்தாள்.

"இதுல பந்து படற முகம் கொஞ்சம் அதிகமா மேல பார்த்திருக்கும் சார். உங்க வேகத்துக்கு அதுதான் சரி. பந்து மேல எழும்பினாத்தான் தூரம் போகும். தண்டும் லேசானது, நல்லா வளையும்."

டாக்டர் அடித்தார். கையில் அதிர்வே இல்லை. பஞ்சு மூட்டையில் பட்டதுபோல மெத்தென்று ஒரு சத்தம். திரையில் பந்து உயர எழும்பி, கொஞ்சமே வலப்பக்கம் சாய்ந்து, புல்தரையின் நடுவிலேயே விழுந்தது. அவர் கேட்காமலே இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

"ஆகாசத்துக்கு அடிக்கிறதுக்கா இது?" என்றார் சம்பந்தி. "மேல போனா முன்னால எப்படிம்மா போகும்? நானும் இன்ஜின் பார்த்தவன்தான். இதெல்லாம் தள்ளாத வயசுக்காரங்களுக்கு. சம்பந்திக்கு இன்னும் அறுபதுகூட ஆகல." மூலையிலிருந்து ஒரு கறுப்பு டிரைவரை உருவினார். தலை சின்னது, முகம் செங்குத்தானது, தண்டு இரும்புக் கம்பிபோல விறைத்திருந்தது. "ஆம்பளை அடிக்கிற மட்டை இது. நான் வச்சிருக்கிறதும் இதேதான்."

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்றிருந்தது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவும் நல்லா போற மாடல்தான் சார். பழகினா வந்துடும்," என்றாள். எது விற்றாலும் அவளுக்கு விற்பனைதான்.

"எனக்கு அந்த முதல் மட்டையே..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"என் பேச்சைக் கேளுங்க சம்பந்தி. ஒரு மாசம் கழிச்சு நீங்களே நன்றி சொல்வீங்க."

மனைவியின் முகமும் மகளின் முகமும் ஒரு கணம் டாக்டரின் கண்முன் வந்துபோயின. கறுப்பு டிரைவரை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது பின்சீட்டில் படுத்திருந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பிடிக்காத சம்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர்போல வண்டி ஓட்டினார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகள் சித்திரவதை. பழைய மட்டையில் வளைந்து போன பந்து இதில் வளைவதற்கு முன்பே தரையில் விழுந்தது. தாழப் பறந்து, புல்லில் உருண்டு, வெட்கம்கெட்டு நின்றது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஜிவ்வென்று ஏறியது. "வேகம் பத்தல," என்றார் சம்பந்தி. டாக்டர் வேகத்தைக் கூட்டினார். வலிதான் கூடியது.

ஒரு திங்கட்கிழமை கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாதியில் முழங்கையில் சுரீர் என்று இழுத்தது. கொறடு பிடியிலிருந்து நழுவியது. நாற்காலியில் இருந்த மனிதரின் கண்கள் பயத்தில் அகலமாயின. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று டாக்டர் சொல்லி, கையை உதறி, உதவி டாக்டரைக் கூப்பிட்டு அந்தப் பல்லை எடுக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் எடுக்க ஆரம்பித்த பல்லை அவர் இன்னொருவர் கையில் விட்டதில்லை. கை கழுவும் தொட்டி முன் நின்றுகொண்டு தன்னையே திட்டிக்கொண்டார். சம்பந்தியை அல்ல, தன்னையே. வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்கு வாய் வரவில்லை.

அன்று மதியமே கறுப்பு டிரைவரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். சம்பந்தி கேட்டால் சொல்ல வழியிலேயே ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டார்: தண்டு தானாகவே விரிசல் விட்டுவிட்டது, கடைக்காரர்களே மாற்றிக் கொடுத்தார்கள்.

பின்னறையிலிருந்து பந்து அடிக்கும் சத்தம் வந்தது. மெத்தென்ற சத்தம். டாக்டர் வாசல் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

வலைக்கு முன்னால் சம்பந்தி நின்றிருந்தார். சட்டை முதுகில் வியர்வை ஒட்டியிருந்தது. கையில் அந்த அகலமான தலை, லேசான தண்டு. ஒரு பந்தை அடித்துவிட்டு வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது டாக்டரைப் பார்த்துவிட்டார்.

மட்டை பொருத்தும் பெண் என்ன நினைத்தாளோ, முன்பக்கம் போய்விட்டாள்.

"தோளுக்குள்ள ஏதோ கிழிஞ்சிருக்காம்," என்றார் சம்பந்தி. கப்பல் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "போன மழைக்காலத்துலயே. கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. பையன்கிட்ட சொன்னா ஆட்டத்தை நிறுத்திடுவான். நீங்களும் வீட்டுல சொல்லிடாதீங்க."

டாக்டருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சுக்குள் எத்தனையோ சனிக்கிழமை ஒன்றாக ஏறி வந்தது.

"அப்ப எனக்கு எதுக்கு அந்த இரும்புத் தடி?"

சம்பந்தி மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"உங்களுக்கு லேசானது. எனக்கு இது. ஏன் சம்பந்தி? எனக்குக் காரணம் தெரியணும்."

"நீங்க அன்னிக்கு இதை வச்சு அடிச்சீங்களே," என்றார் சம்பந்தி, கையிலிருந்த மட்டையைப் பார்த்தபடி. "திரையில பார்த்தேன். நான் இப்ப அடிக்கிறதைத் தாண்டிப் போச்சு. என் தூரம் குறைஞ்சுக்கிட்டே வருது. உங்ககிட்ட மட்டும்தான் இன்னும் நான் முன்னால நிக்கிறேன். அதுவும் போயிடுமேன்னு இருந்துச்சு."

"இன்னிக்கு ஒரு பல்லைப் பாதியில விட்டேன்," என்றார் டாக்டர். "என் தொழில் அது. உங்க பந்து பத்தடி முன்னால கிடக்கணும்னு என் கையைக் கெடுத்திருக்கீங்க."

"கை வலிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்ல விட்டீங்களா?"

குரல் உயரவில்லை, கடை என்பதால் இருவரும் முணுமுணுப்பாகவே சண்டை போட்டார்கள். கல்யாணப் பேச்சிலிருந்து இன்றுவரை இருவருக்கும் நடுவில் நடந்த முதல் உண்மையான பேச்சு அதுதான். டாக்டர் மட்டையை அங்கேயே சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். கிளம்பவும் மனமில்லை. வந்த காரியம் முடியவில்லையே என்று கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இறங்கினார். கோபத்துக்காக அந்தத் தடியோடு இன்னொரு சனிக்கிழமையை ஓட்ட அவர் தயாராக இல்லை.

உள்ளே சம்பந்தி இல்லை. பின்வாசல் வழியாகப் போனாராம். கறுப்புத் தலையில் கீறல் விழுந்துவிட்டதால் முழு விலைக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றாள் அந்தப் பெண். டாக்டர் பேரம் பேசாமல் அதைக் கொடுத்துவிட்டு அகலத் தலை மட்டையை வாங்கிக்கொண்டார். "அன்னிக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். "நீங்களும் சொல்லியிருக்கலாம் சார்," என்றாள் அவள், தண்டின் பிடியைத் துடைத்தபடி.

சனிக்கிழமை சம்பந்தி வரமாட்டார் என்றுதான் டாக்டர் நினைத்தார். வந்திருந்தார். வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இருவர் பையிலும் ஒரே மாதிரி அகலத் தலை மட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சம்பந்தி முதலில் அடித்தார். முழுக்கச் சுற்றாமல், தோளைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு பாதி வீச்சு. பந்து அடக்கமாகப் போய் நடுவில் விழுந்தது. பிறகு டாக்டர். முழங்கை இன்னும் சரியாகவில்லை, பந்தும் மட்டையின் ஓரத்தில்தான் பட்டது. ஆனாலும் அது எழும்பியது, கொஞ்சம் வலப்பக்கம் யோசித்தது, மனம் மாறிப் புல்தரையிலேயே இறங்கியது. உருண்டு போய், சம்பந்தியின் பந்தைக் கடந்து நின்றது.

எத்தனை நாள் காத்திருந்த காட்சி அது. நடந்துபோய் அந்தப் பந்தருகே இடுப்பில் கை வைத்து நிற்பதைக்கூட டாக்டர் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இப்போது நடக்கும்போது பக்கத்தில் சம்பந்தி வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுத் தாங்கிக்கொண்டு வந்தார். ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சம்பந்தி தன் இரண்டாவது அடியை அடித்து முடித்தார். டாக்டர் சின்ன மட்டையை எடுத்தார். குழியைக் காட்டும் கொடி பக்கத்தில்தான். குழந்தையும் அடித்துவிடக்கூடிய தூரம். வீசினார். மட்டை முதலில் மண்ணைத்தான் சந்தித்தது. ஒரு புல்கட்டி பறந்தது. பந்து சோம்பல் முறித்ததுபோல நான்கடி நகர்ந்து நின்றது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சம்பந்தி. என்ன தப்பு பண்ணேன்?"

"எனக்கென்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு சம்பந்தி கொடியைப் பார்த்து நடந்தார்.