மூக்கு வரைக்கும் வந்த முகம்

சனிக்கிழமை மத்தியானம் பெட்ரீசியா மறுபடியும் மூக்கு வரைக்கும் வந்து நின்றாள். முதலில் உச்சியில் கட்டிய ரிப்பன், பிறகு எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, பிறகு புருவம், பிறகு அந்த இரண்டு கண்கள். தேன் நிறத்தில் ஒளிரும் சின்னச் சின்னக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் விழுந்து, ஒரு வரி முடிந்ததும் கீழே இறங்கி அடுத்த வரியைத் தொடங்கின. எல்ஸி கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு சாண் தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கின் நுனி வந்ததும் கண்ட இடத்தில் புள்ளிகள் தெறித்தன, வரிகள் கோணிக்கொண்டன, அர்த்தம் புரியாத எழுத்துகள் பிள்ளையின் கண்மேல் வந்து உட்கார்ந்தன. அவள் கணவர் லியோனார்ட் எட்டி சுவிட்சை அணைத்தார்.

“மறுபடியும் கார்டு சூடாயிருச்சு. ஆறட்டும். சாயங்காலம் பாப்போம்,” என்றார்.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் அந்த வீட்டு வரிசையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். வசதி வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. லியோனார்ட் ஈப்போ டவுனில் ஒரு தொலைக்காட்சி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். யாரோ அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு எடுக்க வராமலே போய்விட, இடத்தை அடைக்கிறது, வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போ என்று சீன முதலாளி சொல்லிவிட்டார். திரைக்குப் படம் அனுப்புகிற கார்டு சூடு தாங்காது என்பது ஒன்றுதான் அதன் சீக்கு. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று எல்ஸி முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்காட்டினாள். சாப்பாட்டு மேசையை அது பிடித்துக்கொண்டதால் இருவரும் தட்டை மடியில் வைத்துத்தான் பசியாறினார்கள். திரையில் கண்கள் வந்த அன்றைக்கு அவள் வாய் தானாக அடைத்துப்போயிற்று. அன்று சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செல்லாயி, வாசற்படியிலேயே நின்று திரையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கண்ணு ரெண்டும் உன்னோடதுதான்லா எல்ஸி,” என்று சொல்லிவிட்டு, சீனியை வாங்காமலே போய்விட்டாள்.

பெட்ரீசியா ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். அப்போது அவர்கள் பாகான் டத்தோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் இருந்தார்கள். எல்ஸி பால்மரம் சீவினாள். பிள்ளையை எடுத்த ஒரே போட்டோ ஒரு கிறிஸ்மஸுக்கு எடுத்தது. பிறகு வந்த பெரிய வெள்ளத்தில் தண்ணீர் சட்டத்துக்குள் ஏறி, மூக்குக்குக் கீழே இருந்ததெல்லாம் வெளுத்துப் போயிற்று. எஞ்சியதன்மேல் லியோனார்ட் கட்டம் போட்டு, வெளிச்சமான கட்டத்துக்கு ஓர் எண், இருட்டான கட்டத்துக்கு ஓர் எண் என்று மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கும் மோவாய்க்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று எல்ஸி கேட்டதற்கு, “ஞாபகத்துலேருந்துதான்,” என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஏனென்றால், வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, பெற்றவளுக்கு அந்த வாய் ஞாபகத்தில் இல்லை. கண்ணை மூடினால் ரிப்பன் வரும், சொக்காயின் பூப்போட்ட கழுத்து வரும், நடுவில் வெள்ளம் அழித்த இடம் அப்படியே வெள்ளையாக இருக்கும். படம் மூக்கோடு நிற்கிறபோதெல்லாம் அவளுக்கு அழுகையும் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. வரப்போகும் வாயைப் பார்த்து இது என் பிள்ளைதான் என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் அவள் பயந்தாள்.

கல்லறையும் இல்லை. பால் சீவிய கித்தா மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது தோட்டத்து இடுகாட்டின் வேலியும் சிலுவைகளும் எங்கோ போய்விட்டன. ஒரு கல்லறைத் திருநாளுக்கு இருவரும் பஸ் ஏறிப் போய், ஒரே மாதிரி நின்ற செம்பனை வரிசைகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, எந்த இடம் என்று தெரியாமல், கொண்டுபோன மெழுகுவர்த்தியைப் பையிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் திரையில் முதன்முதலாகக் கண்கள் வந்தபோது எல்ஸிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருஇருதயப் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்து வந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பை ஒட்டிக் கொளுத்தி வைத்தாள். அன்றிலிருந்து படம் போடும்போதெல்லாம் அங்கே ஒன்று எரிந்தது. பிள்ளை வருகிற இடம் அதுதானே என்பது அவள் கணக்கு. லியோனார்டும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மூடியைக் கழற்றி, கார்டிலிருந்த கறுப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டு, விரல் கொப்புளித்துவிட்டது. அதை மாற்றினார். சூட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்று எல்ஸியின் அலுமினியச் சட்டி மூடியை வெட்டி, துண்டு துண்டாகச் சில்லுகளின் முதுகில் ஒட்டினார். சட்டி மூடி போனதில் அவளுக்கு வருத்தமில்லை. கடைக்குக் கொண்டுபோய்க் காலையிலிருந்து சாயங்காலம் வரை கோடும் வட்டமுமாகப் போட்டுப் பார்த்தார், ஒரு புள்ளி பிசகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

“கடையில நல்லாத்தான் ஓடுது. இங்க வந்தாத்தான் கோவிச்சுக்குது,” என்றார்.

“அவளுக்கு வர இஷ்டமில்லையோ என்னமோ,” என்றாள் எல்ஸி.

அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழைக்குச் சுற்றியிருக்கும் சுண்ணாம்பு மலைகளும் மறைந்துவிடும். சன்னல்களைச் சாத்தினார்கள். வீடு இருட்டிக் கிடந்தது. லியோனார்ட் சுவிட்சைப் போட்டார், எல்ஸி மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். ரிப்பன் வந்தது. முடி வந்தது. புருவம் தொடங்கியதும் அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் உடைந்து போவதைக் காண இன்றைக்குத் தெம்பில்லை என்று பார்வையைச் சுடர்மேல் வைத்துக்கொண்டாள்.

சுடர் நேராக நிற்கவில்லை. பெட்டியின் பக்கம் சாய்ந்திருந்தது. சன்னல் சாத்தியிருக்கிறது, காற்றாடியும் ஓடவில்லை. அவள் இரண்டு கையாலும் அணைகட்டிப் பார்த்தாள். அப்போதும் சுடர், பெட்டியின் முகப்பிலிருந்த சன்னமான பிளவுகளை நோக்கி, யாரோ உள்ளேயிருந்து கூப்பிடுவதைக் கேட்டதுபோலச் சாய்ந்தே நின்றது. எல்ஸி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “இங்க வாங்க. தீ அவகிட்ட போவுது.”

லியோனார்ட் வந்து அவள் பக்கத்தில் முழந்தாளிட்டார். வெகுநேரம் பார்த்தார். மெழுகுவர்த்தியைத் தூக்கி மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். சுடர் நிமிர்ந்தது. திரும்பக் கொண்டுவந்து வைத்தார். சுடர் சாய்ந்தது. பிளவுகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், கரி ஒட்டியது. அவர் முகம் மாறிப்போயிற்று.

“பின்னால ஒரு காத்தாடி இருக்கு எல்ஸி. உள்ள இருக்கிற சூட்டை அதுதான் வெளிய தள்ளுது. தள்ளணும்னா முன்னாலேருந்து காத்தை இழுக்கணும்ல.” அவர் குரல் இறங்கியது. “நாம கொளுத்தி வச்ச நெருப்பைத்தான் இத்தனை நாளா குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. நேரா அந்தக் கார்டுமேலதான் போவுது. கடையில ஏது மெழுவத்தி.”

எல்ஸிக்கு விளங்கியது. விளங்கியதால் பிரமிப்பு குறைந்துவிடவில்லை. ஒரு பெட்டி மூச்சு இழுக்கிறது, அந்த மூச்சு தன் கண்முன்னே தெரிகிறது, அந்த மூச்சில்தான் பிள்ளையின் முகம் நிற்கிறது என்பதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள். திரையில் கண்கள் முடிந்து மூக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“மெழுவத்திய அணைக்கச் சொல்லாதீங்க,” என்றாள்.

“நான் சொல்லல.”

அவள் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரைக்கு முதுகு காட்ட மனமில்லாமல் பின்பக்கமாகவே நடந்தாள். சுடர் இன்னும் லேசாகச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் பின்வாங்கினாள். அடுப்படி நிலையில் முதுகு முட்டியபோது சுடர் நேரே நின்றது. பிள்ளையை விட்டு இவ்வளவு தூரம் அவள் தள்ளி நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் நெற்றி முட்டுகிறாற்போலத்தான் உட்காருவாள். பக்கத்தில் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கன்னம் கன்னமாகவே இருந்தது. மூக்கு நுனி வந்தது. இருவரும் அசையவில்லை. திரை சிதறவில்லை. அடுத்த வரி இறங்கியது, அதற்கடுத்ததும் இறங்கியது. மேலுதடு வந்தது. வலதுபக்கக் கோடி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பற்கள் தேன் நிறத்தில் வரிசையாக ஒளிர்ந்து வந்து, நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் இருட்டாக நின்றது.

“கெட்டுப்போச்சா?” என்று லியோனார்ட் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

“இல்ல. அது நான் போட்டதுதான்.”

மழை கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. எல்ஸி அந்த இருட்டுக் கட்டத்தையே பார்த்தாள். லயத்து வாசல், வாயெல்லாம் ரத்தமும் சிரிப்புமாக ஓடி வந்த பிள்ளை, சின்ன உள்ளங்கையில் ஒரு பல், தகரக் கூரைமேல் அதை எறியச் சொல்லித் தூக்கிப் பிடித்த தன் கைகள், எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. வெள்ளையாகக் கிடந்த இடம் நிறைந்துவிட்டது.

“அந்தப் பல்லு போட்டோ எடுத்தப்புறந்தானே விழுந்துச்சு,” என்றாள். “காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வாரம்.”

லியோனார்ட் தலையை மட்டும் ஆட்டினார். திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

கீழுதடு இறங்கி, மோவாய் தொடங்கியது. உருகிய மெழுகு எல்ஸியின் விரல்மேல் வழிந்து உறைந்தது. அவள் கையை மாற்றிக்கொள்ளவில்லை. அசையாமல் நின்ற சுடர் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. பெட்டியின் மூச்சு அங்கே எட்டாது. அது அவளுடைய மூச்சு.