எழுபதாயிரம் கிலோமீட்டர் பாக்கி

முப்பத்திரண்டு வருடம் ஊரில் உள்ள புகைபோக்கிகள் மேலெல்லாம் ஏறி, எது எவ்வளவு கரி கக்குகிறது என்று அளந்து எழுதிய மனிதருக்கு, ஓய்வு பெற்ற மூன்றாவது மாதத்தில் சொந்த மகளே போனில் ஒரு குட்டு வைத்தாள்.

“ஊரார் புகையெல்லாம் அளந்தீங்களே அப்பா, நம்ம வீட்டுப் புகையை யார் அளக்கறது?”

வீட்டுப் புகை என்று அவள் சொன்னது வாசலில் நின்ற காரை. அதற்குப் பத்தொன்பது வயது. கிளப்பும்போது ஒரு முறை இருமும், நிறுத்தும்போது இரண்டு முறை இருமும். வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் பூனைகள் படுத்துக்கொள்ளும் மேடைதான் அது. ஆனாலும் புகை புகைதானே. தெருவில் எல்லாரும் அவரைப் ‘புகை சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இருமுகிற காரில் போவது எப்படி இருக்கும் என்று மகள் கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அவர் மனைவிக்கு அப்படி ஒன்றும் தைக்கவில்லை. தைப்பதுதான் அவள் தொழில் என்பதால் இருக்கலாம். வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு, நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவது, போன ஜிப்பை மாற்றுவது, கிழிந்த பைக்கு ஒட்டுப்போடுவது என்று பழசையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தாள் அந்த டெய்லரம்மா. இன்னும் ஓடுகிற ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிது வாங்குவதற்குப் புண்ணியம் என்று பெயர் வைக்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அப்பாவும் மகளும் ஒரு கட்சி ஆகிவிட்டால் அந்த வீட்டில் எதிர்க்கட்சிக்கு மைக் கிடையாது.

புதிய கார் வந்தது. சத்தமே கிடையாது, குடிப்பது பாதி பெட்ரோல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னத் திரையில் ஒரு பச்சை இலை இருந்தது. பதவிசாக ஓட்டினால் அது வளரும், அழுத்தி மிதித்தால் உதிரும். பழைய காரை டெய்லரம்மாவின் தம்பி எடுத்துக்கொண்டான். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. கிளினிக் கிளினிக்காக பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன். “வீணாப் போறதை நான் வச்சுக்கறேன்க்கா,” என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். எல்லாருக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் ஒரு மாதம் ஓடியது. அதற்குள் புகை சாருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் காரைச் செய்யும்போது எவ்வளவு புகை வந்திருக்கும்? இரும்பு உருக்கியது, கண்ணாடி ஊதியது, பாட்டரி, டயர், கப்பலில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். நான்கு நாள் கழித்து வெளிறிய முகத்தோடு அவள் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

“எழுபதாயிரம் கிலோமீட்டர்.”

“என்னது?”

“இந்தக் காரைச் செஞ்ச புகையை இது மிச்சம் பிடிச்சு அடைக்கணும்னா எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடணும். அதுவரைக்கும் பூமிக்கு நாம பாக்கி. நாம வருஷத்துக்கு ஓட்டறது மூவாயிரம். அப்ப எனக்கு எண்பத்து நாலு வயசாயிடும்.”

“அதனால?”

“அதனால ஓட்டணும்,” என்றார்.

அளக்கத் தெரிந்தவருக்கு யோசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அன்றிலிருந்து அவர் ஓட்டினார். பக்கத்துத் தெருவில் கிடைக்கும் நூல்கண்டை வாங்க ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டர் போனார். எதிர்வீட்டுக்காரர் வேலையாக வெளியே வந்தால், எங்கே போகிறார் என்று கேட்பதற்குள் கதவைத் திறந்து பிடித்தார். அந்த மனிதர் பாவம், குப்பை போட வந்தவர், ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினார்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே விட்டிருப்பாள். ஆனால் அவர் கைவைத்தது சாயங்கால நடையில்.

வீட்டுக்குள் அவர் வாயைத் திறக்க வைப்பது துருப்பிடித்த ஜிப்பைத் திறக்கிற மாதிரி. உம், சரி, பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கால்வாய்க் கரையில் நாலடி வைத்துவிட்டால் போதும், மனிதர் மடைதிறந்த மாதிரி பேசுவார். மேலதிகாரிக்குப் பயந்த கதை, சின்ன வயதில் திருட்டுத்தனமாக நீச்சல் கற்ற கதை, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று செருப்பு வார் அறுந்த கதை. இருபது வருடமாக அவளுக்குப் புருஷன் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நேரம் வீட்டில் இருந்தது செய்தித்தாளும் மூக்குக்கண்ணாடியும்.

அந்த ஒரு மணி நேரத்தை இப்போது காரில் உட்கார வைத்துவிட்டார். கால்வாயைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும், கண்ணாடியை இறக்கினால் காற்று இழுக்கும். இரண்டும் இல்லாமல் இருவரும் உள்ளே வெந்தார்கள்.

“இன்னைக்கு ஒருத்தி வந்தா பாருங்க, கல்யாணத்துக்குத் தைச்ச சட்டையை...”

“இரு இரு, மேடு வருது. பேசினா கால் தானா அழுத்திடுது.”

அவர் கண் இலையைவிட்டு நகரவில்லை. தளிர் விட்டால் முகம் மலர்ந்தது. அவள் கண்ணாடி வழியாகக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் இல்லை, அழுகைதான் வந்தது. ஒரு இலைக்கு வாழ்க்கைப்பட்டவர் பக்கத்தில் இரண்டாம் தாரமாக உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

மூன்று மாதம் பொறுத்தாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆனது என்று அவர் பாயசம் குடித்த முகத்தோடு வந்து சொன்ன நாளில், மெஷினை நிறுத்தினாள்.

“ஒரு தடவை நான் ரெண்டு போர்வை வாங்கினா ஒண்ணு இலவசம்னு ஆறு போர்வை வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே.”

“என்ன சொல்லிச் சிரிச்சீங்க?”

“தேவையே இல்லாததை வாங்கிட்டு மிச்சம் பிடிச்சேங்கறியேன்னு...” பாதியில் நிறுத்திவிட்டார்.

“இந்த ஒன்பதாயிரத்துல எவ்வளவு நம்ம பழைய கார்ல போயிருப்போம்?”

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். மூன்றாம் நாள் வந்து நின்றபோது, பள்ளிக்கூடத்தில் முட்டை மார்க் வாங்கியவர் மாதிரி இருந்தார்.

“நீ சொன்னதுதான் சரி. சும்மா ஓட்டினது எல்லாம் புதுப் புகை. பாக்கி ஏறித்தான் இருக்கு. அதுமட்டும் இல்ல. உன் தம்பி அந்தப் பழைய வண்டியை தினம் நூத்திருபது கிலோமீட்டர் ஓட்டறான். நாம ஒரு வருஷத்துல ஓட்டினதை அவன் ஒரு மாசத்துல ஓட்டறான். முன்னாடி பஸ்ல போனவன். நாம ஒழிச்சுட்டோம்னு நெனச்ச புகையைப் பன்னிரண்டு மடங்காக்கி ரோட்டுல விட்டிருக்கோம்.”

அவளுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்த மனிதர் ஒரு நல்லது செய்யப் போய் இப்படி அடிமேல் அடி வாங்குகிறாரே என்று மனம் இளகிவிட்டது. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள்.

“அதிகம் ஓடறவன்கிட்டதான் குறைச்சுக் குடிக்கற வண்டி இருக்கணும்,” என்றாள். டம்ளரை நீட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டிகள் கை மாறின. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “நெஜமாவா அத்தான்? அப்படியே மாத்திக்கலாமா?” என்று மூன்று தடவை கேட்டான். மகள் போனில் குதித்தாள். அவர் நோட்டைப் புரட்டி அரை மணி நேரம் விளக்கியதும், கடைசியில், “என்னவோ பண்ணுங்க,” என்று வைத்துவிட்டாள். பழைய கார் இருமிக்கொண்டே வாசலுக்குத் திரும்பியது. வந்த மறுநாளே கிளம்ப மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. யாரும் அதை வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் செருப்பை மாட்டினார். “வரியா?” என்றார். அவள் கையில் இருந்த கால்சட்டையை ஊசியோடு அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். இத்தனை சந்தோஷமாக அவள் எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாதம் முடிந்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: தம்பி தினமும் எவ்வளவு ஓட்டுகிறான்? நூற்றிருபது என்றால் நோட்டில் எழுதிக்கொள்வார். இந்த வேகத்தில் போனால் இரண்டு வருடத்தில் பாக்கி தீர்ந்துவிடும் என்று கரையில் நடந்துகொண்டே சொல்வார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

ஐந்தாவது மாதம் தம்பி முன்னறைக்கு வந்தான். கையில் மூன்று கால்சட்டை. இடுப்பைப் பெரிதாக்க வேண்டுமாம். பஸ்ஸுக்கு நடந்த காலத்தில் தைத்தவை, இப்போது பொத்தான் எட்டவில்லை.

“வேலையெல்லாம் எப்படிடா போகுது?” என்று டேப்பை அவன் இடுப்பில் சுற்றினாள்.

“சூப்பராப் போகுதுக்கா. வண்டி குடிக்கவே மாட்டேங்குது. இவ்வளவு கம்மியாத்தானே ஆகுதுன்னு பக்கத்து ரெண்டு ஊரையும் நானே பாக்கறேன்னு கம்பெனில கேட்டு வாங்கிட்டேன். தினம் எறநூத்தம்பது ஓடுது. ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அத்தான்கிட்ட சொல்லுங்க. எவ்வளவு ஓடிச்சு எவ்வளவு ஓடிச்சுன்னு கேட்டுட்டே இருப்பாரே, ரொம்ப சந்தோஷப்படுவார்.”

டேப் அவள் கையில் அப்படியே நின்றது. துணியைப் பாதியாக மடித்து அளக்கிறவளுக்கு இந்தக் கணக்குப் போட நோட்டு வேண்டாம். பாதி பெட்ரோல், இரண்டு மடங்கு ஓட்டம். பழைய வண்டியில் விட்ட அதே புகையைத்தான் இவன் புதிய வண்டியில் விடுகிறான், ஞாயிற்றுக்கிழமைப் புகை தனி. அதற்கும் முன்னால் அவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

இதை அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். நோட்டு திறக்கும். கதவு மூடும். ஒருவேளை அந்தக் காரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கரையில் அவள் தனியாக நடப்பாள், இல்லையென்றால் இலையின் பக்கத்தில் வாய் பொத்தி உட்காருவாள்.

“டேய்,” என்றாள். “அத்தான் கேட்டா நூத்திருபதுன்னே சொல்லு.”

“ஏன்க்கா? கூட ஓடினா நல்லதுதானே?”

“சொன்னதைச் சொல்லு. வயித்தை எக்காம நில்லு.”

அன்று சாயங்காலம் கரையில் நல்ல காற்று. பாலம் வரைக்கும் அவர் கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் கேட்டார்.

“தம்பி வந்திருந்தானாமே. எவ்வளவு ஓட்டறானாம்?”

முப்பது வருடத்தில் அவள் அவரிடம் பெரிதாக எதையும் மறைத்ததில்லை.

“போன மாசம் மாதிரியேதான். நூத்திருபது.”

“ம்.” அவர் திருப்தியாகத் தலையாட்டினார். குற்ற உணர்வு அவளோடு இரண்டு விளக்குக் கம்ப தூரம் கூடவே வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு முறை வாயைத் திறக்கக்கூடத் திறந்தாள். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

“உன்கிட்ட ஒண்ணு சொன்னதே இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்த முப்பத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள் நான் பொய் எழுதினேன்.”

அவள் நின்றுவிட்டாள். அவர் நடந்துகொண்டே இருந்ததால் அவளும் எட்டிப்போட்டுச் சேர்ந்துகொண்டாள்.

“வேலையில சேர்ந்து நாலாவது வருஷம். அறுபது மீட்டர் புகைபோக்கி. கீழே நிக்கறேன், ஆபீஸ்லேருந்து ஆள் ஓடி வந்து சொல்றான், உன்னை ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க, வலி எடுத்துடுச்சுன்னு. மேல ஏறி எறங்கினா ரெண்டு மணி நேரம் ஆகும். ஏறலை. போன மாசத்து எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். அந்த மாசம் அந்த ஆலை என்னத்தைக் கக்கிச்சோ, யாருக்கும் தெரியாது. இன்னும் உறுத்துது. மக போன்ல அப்படிக் கேட்டப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.”

அன்று அவர் வியர்த்து விறுவிறுக்க வந்து கட்டில் பக்கத்தில் நின்றது அவளுக்கு நினைவிருந்தது. சட்டையில் கரி இல்லாமல் வந்திருக்கிறாரே என்று அப்போதே ஆச்சரியப்பட்டாள். அதற்கப்புறம் குழந்தை அழுததில் மறந்துவிட்டது.

“தப்புதானே?” என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிப் பிடித்து நடக்கிற வழக்கம் இருவருக்கும் கிடையாது.

“தப்புதான்,” என்றாள். “நீங்க ஏறாம வந்தது எனக்குப் போதும். வாங்க, இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம்.”