ஸ்விட்ச்சை அணைக்கும் பழக்கம்

...மறுபடியும் அவர் பெயர்தான் வந்து நிற்கிறது, நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆனந்த்ராஜ், கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம், நேற்றுதானே கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்கில் எழ வேண்டும் என்ற வரிசையை மாற்றி வைத்தோம், புது எஸ்எஸ்டி டிஸ்க் முதலில், அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டாவது என்று, அத்தனையையும் இந்தப் பாழாய்ப்போன மதர்போர்டு மறந்து தொலைத்திருக்கிறது, அதுவும் இன்றைக்குப் பார்த்தா, மேரிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு நடத்திக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் குறிஞ்சிப்பாடியில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாடகை... புருஷன் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, மே மாதத்துக்குள் அவருடைய சுரங்க வேலைக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். பழைய டிஸ்க்கில் வீடியோ ஓடவே ஓடாது, அது எழுந்து உட்காருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம், அதனால்தானே புதுசை வாங்கித் தன் கையாலேயே மாட்டினாள்.

ரீஸ்டார்ட் கொடுத்து டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வரிசையை மாற்றுகிற பயாஸ் திரையில் தேதி பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போய் நின்றது, ஒவ்வொரு காலையும் அதே ஜனவரி ஒன்று... அந்த ஜனவரியில் அவர் இருந்தார், மகள் ஜெனிஷா ஒன்றாம் வகுப்பு. கரண்ட் இல்லாதபோது போர்டின் ஞாபகத்தைக் காக்கும் வட்டப் பேட்டரி எப்போது தீர்ந்ததோ, யாருக்குத் தெரியும், டவுன்ஷிப்பில் கரண்ட் போனால்தானே தெரிவதற்கு, இந்த வீட்டில் சுவர் ஸ்விட்ச்சை யார் அணைத்தார்கள், அணைக்கப் போனால்கூட அவர் விடமாட்டார், நம்ம கரி, நம்ம கரண்ட், இருந்துட்டுப் போவட்டும் என்பார், மைன்ஸில் தானே வெட்டி எடுத்து வந்து சுவரில் சொருகியதைப் போல. இவள்தான் இப்போது படுக்கப் போகுமுன் ஒவ்வொன்றாக அணைத்துப் பழகுகிறாள், வெளியே போனால் பில் வருமே, கைக்கு இப்போதே பழக்கம் வேண்டாமா, நேற்றும் அந்தக் கைதான் தன்னால் போய் அணைத்துவிட்டு வந்திருக்கிறது. அணைத்தால் போர்டு எல்லாவற்றையும் மறக்கிறது, பழைய டிஸ்க்கை முதலில் வைத்துக்கொள்கிறது, முந்தாநாளும் இதே கூத்து... இருந்தும் ஏன் அணைத்தாள்?

தேதியைத் திருத்தினாள், இல்லாவிட்டால் வகுப்பின் லிங்க் திறக்காது. புதுசை மேலே ஏற்றினாள். பழையதின் ஒயரை உருவிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது, ஆனால் அதில் போட்டோ இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்... ஜெனிஷா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேட்டரி வாங்கிக்கினு வந்தியே, இன்னும் போடலையாம்மா?"

"கிளாஸ் முடியட்டும்."

ஆமாம், சனிக்கிழமையே மெயின் பஜாரில் வாங்கியாயிற்று, ஃபிரிட்ஜ் மேல் அட்டையோடு கிடக்கிறது, போட எவ்வளவு நேரம் ஆகும், மூடியைத் திறந்து நகத்தால் நெம்பினால் பழசு கழன்று வந்துவிடும், அவளுக்குத் தெரியாத வேலையா, கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள்... மறந்துதான் போயிருப்போம்.

மாற்றியதைச் சேமிக்க எஃப் பத்தை அழுத்தியதும் புது டிஸ்க் சட்டென்று எழுந்தது, யார் பெயரையும் கேட்கவில்லை. வகுப்பு நன்றாகவே போயிற்று, பின்னத்தைப் பலாச்சுளையை வைத்துச் சொன்னாள், அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றாள். அப்பாடா என்று இருந்தது, அழுகையும் வந்தது, ஜெனிஷாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஃபிரிட்ஜ் மேலிருந்து பேட்டரியை எடுத்தாள். இதைப் போட்டுவிட்டால் ஸ்விட்ச்சை எத்தனை தடவை அணைத்தாலும் போர்டு மறக்காது, நாளைக் காலையில் நேராகப் புதுசுதான் வரும், நல்லதுதானே, வேலைக்கு அதுதானே வேண்டும்... அப்படியானால் காலையில் அந்தப் பெயர் வராது. எரிச்சலோடு என்றாலும் தினம் முதலில் பார்த்தது அதைத்தானே, அப்போ மறந்து போனதில்லையா இது? இன்னும் திங்கட்கிழமை வரவில்லை. பேட்டரியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சுவர் ஸ்விட்ச்சை அணைத்தாள்.